ஆரோக்கியமேரியின் விசில் பாடம்

சமையலறையிலிருந்து விசில் சத்தம் வீட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. முன்னறையில் நின்றிருந்த சுப்பராயன், வெட்டிய வாழை சாய்வதுபோல, அப்படியே தரையில் குந்தினான். இரண்டு கையும் தானாகப் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டன.

"இன்னா சுப்பராயா, மறுபடியும் குந்திட்டியே," என்றாள் ஆரோக்கியமேரி. சுவரில் கரியால் இன்னொரு கோடு இழுத்தாள். காலையிலிருந்து ஊதிய விசில் பதினொன்று. விழுந்த கோடு எட்டு.

"மனசு நிக்கத்தான் சொல்லுதுக்கா. முட்டி கேக்க மாட்டேங்குது."

விசிலும் கையுமாக எட்டிப்பார்த்தார் அவள் கணவர் தானியேல். வேலூர் ஜெயிலில் இருபத்திரண்டு வருஷம் வார்டராக இருந்து ரிட்டையரானவர். விசில் ஊதினால் கைதிகள் ஜோடி ஜோடியாகக் குந்த வேண்டும்; தலையெண்ணி முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. அப்படிக் குந்தவைத்த மனுஷனே இப்போது, குந்தாதே என்று கற்றுக்கொடுக்க விசில் ஊத வேண்டியதாகிவிட்டது.

"நான் குந்தவெச்ச ஆளாச்சே. அவ்ளோ சீக்கிரம் எழுந்துருவானா?" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"பெருமையப் பாரு. போய் இன்னொரு வாட்டி ஊதுங்க."

ஆரோக்கியமேரிக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது வேலூரில்தான். வார்டர் குடியிருப்பில் அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஜெயில் வாசல் தெரியும். விடுதலையானவர்கள் துணிமூட்டையோடு வெளியே வந்து, நகராமல் நிற்பார்கள். ஒருநாள் அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நரைத்த மனிதர் ஒருவர் குடித்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்: "எந்தப் பக்கம் போகட்டும்மா?" அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ, கடவுளே, பூட்டைத் திறந்துவிட்டால் போதுமா? காலுக்கு யார் சொல்வது?

தானியேல் ரிட்டையராகி அவளுடைய சொந்த ஊரான கும்மிடிப்பூண்டிக்கு வந்ததும், முன்னறையைக் காலி செய்தாள். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களை வேலைக்குத் தயார்செய்ய ஆரம்பித்தாள். பேர் கேட்டால் நம்பரைச் சொல்லக் கூடாது. பேசும்போது எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் போக மேஸ்திரியிடம் கைகட்டி நிற்க வேண்டாம். பத்து வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டால், இருந்த இடத்தைச் சொல்லி, அங்கே கற்ற தொழிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படிப் படித்து அரிசி மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் ஆறு பேர். தெருக்காரர்கள் "ஜெயில் காலேஜு" என்று கேலி செய்தார்கள். "ஆமா, நீயும் வேணும்னா சேந்துக்கோ, பீஸ் கெடையாது," என்பாள்.

ஏழாவது ஆளான ஜெயராஜை ஸ்டேஷன் பக்கத்து இரும்பு வார்ப்படப் பட்டறைக்கு அனுப்பினாள். முதல் நாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. ஜெயராஜ் நடுமுற்றத்தில் குந்தினான். நூறு பேர் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் கூடூர் ரயிலேறிப் போனவன் திரும்பவேயில்லை. சங்கை எப்படி மறந்தோம் என்று ஆரோக்கியமேரி இரண்டு நாள் அழுதாள். விசில் பாடம் அதற்கப்புறம் வந்ததுதான். பட்டறையில், இனி அவள் அனுப்பும் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடையாய் நடந்து அவள் கெஞ்சியதில், அங்கே ஆள் வருகையைக் கணக்கெடுக்கும் டைம் ஆபீஸர் துளசிராமன் கொஞ்சம் இளகினார். வீட்டுக்கே வந்து ஒரே ஒரு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார். இவனும் தேறாவிட்டால் அந்தப் பேச்சே முடிந்தது.

சுப்பராயனுக்கோ அதைவிடப் பெரிய கவலை. பெரியபாளையத்தில் கோயில் வாசலில் பூ விற்கும் அவன் மனைவி சின்னப்பொண்ணு, பதினோரு வருஷம் காத்திருந்தவள், ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள்: 'மொதல்ல ஒரு வேலையில நில்லு. அப்பால ஊட்டுக்கு வா.'

நாலு மணிக்குத் துளசிராமன் சைக்கிளில் வந்தார். தானியேல் அவசரமாக விசிலைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். ஆரோக்கியமேரி கரிக்கோடுகளின்மேல் காலண்டரை மாட்டி, காபியை நீட்டினாள்.

"பேரு?"

"சுப்பராயன் சார்." முகத்தைப் பார்த்துச் சொன்னான். ஆரோக்கியமேரிக்கு மூச்சு வந்தது.

"உள்ள இன்னா வேலை?"

"தறி நெய்வேன். நாலு வருஷம் கொல்லுப்பட்டறை. சுத்தி புடிப்பேன்."

துளசிராமன் காபியை ஆற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். "சங்கு ஊதினா இவரும் அந்த ஆள் மாதிரி குந்துவாராம்மா?"

"அதெல்லாம் மறந்தே பூட்டாரு சார்," என்றாள் ஆரோக்கியமேரி. பொய் நாக்கில் வெண்ணெயாக வழுக்கியது.

"குந்துவேன் சார்," என்றான் சுப்பராயன்.

தானியேல் கூரையைப் பார்த்தார். பாவி, கெடுத்தானே, என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"காலைலேந்து பன்னெண்டு தபா ஊதிப் பாத்தாங்க. ஒம்போது தபா குந்திட்டேன்."

துளசிராமன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் இன்னாப்பா பண்றது?"

சுப்பராயன் ஒரு அடி முன்னால் வந்தான். பதினோரு வருஷம் பதில் மட்டுமே சொன்ன வாய். கேள்வி கேட்க ஆரோக்கியமேரி ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா சார்? அந்தச் சங்கு கரெண்ட்டுல ஊதுதா, கையால சுத்துறதா?"

"இருக்கிற கரெண்ட்டு வெட்டுல கரெண்ட்டுச் சங்கா? கைதான். மணவாளன்னு ஒருத்தன் சுத்துறான். பாதி நாள் டீக்கடைல குந்திக்கினு இருப்பான், ஷிப்டே லேட்டு."

"நின்னுக்கினா, குந்திக்கினா?"

"நின்னுக்கினுதான். கைப்பிடி நெஞ்சு ஒசரத்துல இருக்கு."

"அப்ப அத எனக்குக் குடுங்க சார். மண்ணு செமக்கிறேன், இரும்பு தூக்குறேன், அதோட சங்கையும் நானே சுத்துறேன். சுத்துற கைய உட்டுட்டு எப்டி குந்துறது? உட்டா சத்தம் நின்னுடுமே."

துளசிராமன் சிரித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆரோக்கியமேரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு வாரம் அவள் விசில் ஊதவைத்து மாரடித்த கணக்கை, குந்தின ஆளே நின்று போட்டுவிட்டான்.

"திங்கக்கெழம ஆறரைக்கு வந்துடுப்பா. ஏழுக்குச் சங்கு. ஒரு நிமிஷம் லேட்டானா உன்னையும் மணவாளனோட டீக்கடைக்கே அனுப்பிடுவேன்."

"சரிங்க சார்." தானியேல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே துளசிராமன் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு உள்ள போனாருன்னு கேக்கணும்னுதான் வந்தேன். பேச்சுல மறந்துட்டேன்."

"கூப்புடட்டுமா சார்? கேளுங்க."

அவர் யோசித்தார். "இருக்கட்டும்மா. மொதல்ல சங்கு ஊதட்டும்."

"இன்னொருத்தர் அடுத்த மாசம் வராரு சார்..."

"ஆரம்பிச்சிட்டியா, தாயே," என்று சைக்கிளைத் தள்ளினார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் தெரு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, ஆரோக்கியமேரி கதவைச் சாத்தினாள்.