காப்புக் கட்டிய கையோடு ஒரு பரீட்சை

மே மாதம் ஏழாம் திகதி, புதன்கிழமை, காலை ஒன்பதரை மணி. அந்த நாளையும் நேரத்தையும் நான்கு மாதங்களுக்கு முன்பே தேனுகா தெரிவு செய்திருந்தாள்.

சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்யும் பாலசிங்கத்தின் ஒரே மகள் அவள். வயது இருபத்தேழு. கணிதப் பட்டதாரி. திருகோணமலை நகரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. படிக்க விரும்பியது நிதிப் பொறியியல். பங்கு விலையும் வட்டியும் நாளை எப்படி ஆடக்கூடும், அந்த ஆட்டத்தில் வரக்கூடிய நட்டத்துக்கு இன்றே என்ன விலை வைக்கலாம் என்று கணக்குப் போடும் முதுமாணிப் படிப்பு. வெளிநாட்டில் அதற்கு இடம் கிடைக்க ஒரு சர்வதேசப் பரீட்சையில் நல்ல புள்ளி வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 31.

இதை ஊரில் விளக்குவதை அவள் விட்டுப் பல நாளாயிற்று. கடைசியாகக் கேட்டவர் சித்தப்பா.

"பொறியியல் எண்டால் நல்லதுதானே. எங்கட போட் எஞ்சின் ஏன் கரும்புகை தள்ளுது எண்டு ஒருக்காப் பார் பிள்ளை."

"அது வேற சித்தப்பா. இது கணக்கு."

"கணக்கெண்டால் கொம்மாட்டையே படிக்கலாமே. மீன் வியாபாரி அவவைக் கண்டால் தராசைத் துடைச்சுப்போட்டுத்தான் நிறுக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இணையத்தில் ஆறு பேர் சேர்ந்து படித்த ஒரு குழு இருந்தது. இடம் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஜனவரிக்குப் பிறகு அவள் அங்கே கேட்ட மூன்று கேள்விகளுக்குக் கீழே எதுவுமில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் நிகழ்தகவுக் கணக்குகளைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போவாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அதைத் தேவாரம் என்று நினைத்து, "எங்களுக்கும் சேர்த்துச் சொல்லு மகள்" என்றார்.

பரீட்சைக்கு நாள் குறித்தபோது அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த கோயில் நோட்டீஸைத்தான் பார்த்தாள். திருவிழா மே 14இல் ஆரம்பம். அதற்கு ஒரு கிழமை முன்பாக எழுதிவிடலாம் என்று ஏழாம் திகதியைப் பதிந்தாள். அது போன வருட நோட்டீஸ். திருவிழா பௌர்ணமியோடு வருவது. பத்துப் பதினொரு நாள் முன்பின்னாக நகரும். சந்தையின் ஆட்டத்தைக் கணக்கிடப் பழகியவள் நிலாவை மறந்துபோனாள். புது நோட்டீஸ் வந்தபோது, திருவிழா தொடங்கும் காப்புக்கட்டு மே மூன்று என்றிருந்தது.

அம்மா தங்கேஸ்வரிக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்த வருடம், மூன்று வருடம் தீச்சட்டி எடுப்பதாகத் தேனுகா நேர்ந்திருந்தாள். இது மூன்றாவது. காப்புக் கட்டிய கையோடு அந்த வீட்டில் யாரும் ஊரெல்லை தாண்டியதில்லை. கொழும்பில் இருந்த பரீட்சை மண்டபத்துக்குப் போக ஏலாது; விண்ணப்பத்துக்குப் புள்ளி வந்துசேரக்கூடிய வேறு நாளும் இல்லை. ஆகவே, வீட்டிலிருந்து கமராவின் முன் எழுதும் முறைக்கு மாற்றிக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவு திறந்தாலோ வெளியே இருப்பவரோடு பேசினாலோ பரீட்சை முடிந்தது.

அன்று காலை பாலசிங்கம் கோயிலுக்குப் போய்க் கேட்டார். மதியம் வரை ஒலிபெருக்கியை நிறுத்தச் சம்மதித்தார்கள். தங்கேஸ்வரி அறை வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தாள்.

"மெல்லக் கதையுங்கோ. பிள்ளை சோதினை எழுதுறாள்."

"எழுதுறதுக்கு நாங்கள் ஏன் வாய் மூடோணும்? அவள் காதாலயே எழுதுறாள்?" இது சித்தப்பா.

உள்ளே, எங்கோ ஒரு நாட்டில் இருந்த கண்காணிப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். நான்கு சுவரையும் காட்டச் சொன்னார். மேசைக்கு அடியைக் காட்டச் சொன்னார். பிறகு கைகளை உயர்த்தச் சொன்னார்.

"இடது கையில் என்ன?"

மஞ்சள் நூல். நடுவில் மஞ்சள் துண்டு, அதோடு மடித்துக் கட்டிய வேப்பிலை.

"கோயில் காப்பு. சமய விரதம்."

"மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கழற்றிவிடுங்கள்."

"கழற்ற முடியாது. திருவிழா முடிய, பூசகர்தான் அவிழ்ப்பார்."

"அப்படியானால் வெட்டிவிடுங்கள். மன்னிக்கவும், விதி அப்படி. ஐந்து நிமிடம் தருகிறேன்."

கத்தரிக்கோல் கூடத் தேவையில்லை. பல்லால் கடித்தாலே போதும். கதவுக்கு அப்பால் அம்மா ஒருமுறை செருமினாள். நான்கு அடி தூரம். கேட்டிருந்தால், "கழட்டு மகள், அம்மன் கோவிக்கமாட்டா" என்று அவள் சொல்லியிருக்கவும் கூடும். "கை வைக்காத" என்றும் சொல்லியிருக்கலாம். கேட்க வழியில்லை. திரையில் நிமிடங்கள் குறைந்தன. தேனுகா நூலை வலது கையால் பொத்திக்கொண்டாள்.

"ஏலாது" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள்.

அவர் நன்றி சொன்னார். அமர்வு முடிவுற்றது என்று திரை அறிவித்தது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு ஊரே அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. இப்போது வெளியே போய் என்ன சொல்வது? வெறும் திரைக்கு முன்னால் இருந்தாள். ஒருமுறை கொப்பியை எடுத்து ஒரு கணக்கைத் தொடங்கி, பாதியில் விட்டாள். வெளியே யாரோ சைக்கிள் மணியை அடிக்க, தங்கேஸ்வரி "உஷ்" என்று அதட்டினாள். அது கேட்டபோதுதான் அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அம்மா."

"முகம் வாடிப்போச்சு. வந்து சாப்பிடு."

பதினோராம் திகதி தீச்சட்டி எடுத்தாள். பாலசிங்கத்திடமும் தங்கேஸ்வரியிடமும் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக்கு ஓகஸ்ட் 19ஆம் திகதி கொழும்பு மண்டபத்தில் பதிந்திருக்கிறாள். அந்தப் புள்ளியை வைத்து விண்ணப்பிக்கக்கூடியது அடுத்த வருடத்து வகுப்புக்கு.