தோணிக்காரரின் தீர்ப்பு

மட்டக்களப்பு வாவியில் எங்களைக் கல்லூரிக்கு ஏற்றிச்செல்லும் தோணிக்காரருக்கு ஒற்றைக் கண். நாங்கள் பாடம் பேசினால் கோல் ஊன்றுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பார்.

சுழலும் பலகையில் நிற்பவன் விரித்த கைகளை மடக்கினால் வேகம் என்னாகும்? அன்றைய கணக்கு அது. குறையும் என்றேன் நான்.

“கூடும்டா மடையா!” என்றான் பக்கத்தில் இருந்த நண்பன்.

வாயால் வெல்ல முடியாமல் அவன் மூக்கில் குத்தினேன். இரத்தம் வழிய அவன் என் கழுத்தை நெரித்தான். தோணி ஒரு பக்கம் சரிந்தது, எனக்கோ நீந்தத் தெரியாது.

கோல் என் முதுகில் இறங்கியது. மறுபடியும் என் முதுகில்தான்.

“அவனும்தானே அடிச்சவன், அண்ணே!”

“ஓம் தம்பி. கணக்கைப் பிழையாச் சொன்ன ஆள் நீதானே?”

கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத மனிதருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். கோல் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.