வலை அடைத்த வாசல்

ஆகஸ்ட் 11, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு உப்பளம் போய், எந்தப் பாத்தியில் உப்பு வாருவது என்று ஆட்களுக்குச் சொல்லிவிட்டு, வழியில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை டீ அங்கேதான், தம்பி மனைவி போடுவாள்.

ஊர் அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தம்பி சுருக்குமடி வலைக்காரன். குஞ்சு மீனைக்கூட விடாமல் அள்ளுகிற அந்த வலை கூடாது என்பது சிறுபடகுக்காரர்களின் கட்சி. முன்தினம் கடற்கரையில் அடிதடி. வலையைக் கொளுத்திவிடுவார்கள் என்று பயந்து, விடியும் முன்பே அதை வீட்டு முற்றத்தில் இறக்கியிருந்தான்.

டீ ஆறுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. எல்லாம் தெரிந்த முகங்கள். நாங்கள் இருவரும் ஈரவலையை உள்ளே இழுத்துப்போட்டு, கதவுகளைத் தாழிட்டு, முன்வாசலிலும் பின்வாசலிலும் மார்பளவு குவித்தோம். ஈயக்குண்டுகளின் கனத்தில் அது சுவர்போல் நின்றது.

"டேய், வலைய வெளிய போட்டுட்டு நீ உள்ள படுத்துத் தூங்கு," என்றது வெளியே ஒரு குரல்.

"வெயில்ல நிக்காதீங்கடா, இன்னும் கறுத்துடுவீங்க," என்றான் தம்பி ஜன்னலிலிருந்து.

வெளியே சிலர் சிரித்தார்கள். பிறகு கல் விழுந்தது. யாரோ மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கினார்கள்.

தம்பி மனைவிக்கு ஆஸ்துமா. மதியம் இழுப்பு வந்தது. கரன்ட் இல்லாமல் நெபுலைசர் ஓடவில்லை. கையில் இருந்த இன்ஹேலர் பம்பும் காலி.

"ஃபியூஸப் போடுங்கப்பா, அவளுக்கு மூச்சு வாங்குது," என்று கத்தினேன்.

"போன வாரம் வலைய வித்துட்டேன்னு பொய் சொன்னான். இன்னிக்கு மூச்சா?"

அவளை வெளியே கொண்டுபோவது ஒன்றே வழி. கதவோ உள்பக்கம் திறப்பது. இழுக்க இழுக்க வலை தாழ்ப்பாளிலும் ஜன்னல் கம்பியிலும் மாட்டி இறுகியது. நான் மீன் கத்தியை எடுத்தேன்.

"இருண்ணா," என்றான் தம்பி. திரும்பி அவள் உதட்டைப் பார்த்தான். நீலம் பாய்ந்திருந்தது. கத்தியை என்னிடமிருந்து வாங்கி, அவனே அறுத்தான். வெகுநேரம் ஆனது.

கதவு திறந்தபோது யாரும் உள்ளே பாயவில்லை. கல்லோடு நின்ற ஒருவர் அதைக் கீழே போட்டுவிட்டுத் தன் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்தார்.

"தலையப் புடிப்பா. மெதுவா."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் ஊரில் ஒரு படகும் இறங்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக, கூடத்தில் கிடந்த வலையை வெளியே எடுத்தோம். அவளைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது. முன்தினம் இழுத்துப்போட்ட எங்கள் இருவரால் அன்று அதைத் தூக்க முடியவில்லை. வெளியே கல்லோடு நின்றவர்களே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.