ஒன்பது இடம் தள்ளி

தேநீரில் மிதந்த கராம்பின் வாசனை இன்று என்னை இலங்கையில் நான் வளர்ந்த தோட்டத்து ஊரான உக்குவளைக்கு, கராம்பு காயவைக்கும் கொட்டகையில் நடந்த எங்கள் இங்கிலீஷ் வகுப்புக்கு இழுத்துப் போனது. லத்தீன் எண்களிலிருந்து பிறந்த சொற்களையே டீச்சர் நாங்கள் உட்காரும் வாங்கு வரிசைப்படி எங்களுக்குப் பெயராக வைத்து வரவு இடாப்புக் கூப்பிடுவார்: முதல் பிள்ளை யூனிட், இரண்டாவது பைசிக்கிள், மூன்றாவது ட்ரையாங்கிள், கடைசியில் பத்தாவதாக நான், டெசிமல். ஒருவர் வராவிட்டால் பின்னாலிருப்பவர்கள் நகர்ந்து முன்னாலிருக்கும் பெயரைப் பிடிப்போம்; ஒருநாளாவது யூனிட்டாக வேண்டுமென்று எனக்கு அவ்வளவு ஆசை.

எண்பத்து மூன்று ஆடி இனக்கலவரத்தில் ஒரு கும்பல், மற்றப் பிள்ளைகள் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளை எரித்தது. லயத்துக்கு வெளியே இருந்த எங்கள் வீடு தப்பியது; மறுவாரம் போய் என் பத்தாவது இடத்தில் உட்கார்ந்தேன்.

"மத்த புள்ளைங்க எங்க?" என்றார் டீச்சர்.

"தெரியலீங்க டீச்சர். லயத்துல யாருமே இல்லீங்க."

அவர் இடாப்பைத் திறந்து, "யூனிட்" என்றார்.

அது நான்தான். நகர்ந்து போக எனக்குக் கால் எழவில்லை.