இலக்கத் தகட்டில் சந்தனம்

எங்கள் வீட்டுக்கு ஒரு வாகனம் வந்தால் அது முதலில் கடவுளுக்குச் சொந்தம், பிறகுதான் மோட்டார் திணைக்களத்துக்கு. நான் வாங்கிய ஸ்கூட்டி ஏற்கெனவே இரண்டு பேர் ஓடிக் களைத்தது. ஆனாலும் எங்களுக்குப் புதிது என்பதால், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் கோயிலில் பூசை வைத்தோம். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். ஹாண்டிலுக்கு மாலை போட்டோம். ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு ஸ்கூட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பூசுவதற்குத் தட்டையான இடம் தேடினார் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டியில் அப்படி உள்ள ஒரே இடம் பின்னால் இருக்கும் இலக்கத் தகடு. அதில் மூன்று விரல் அகலத்துக்கு இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். நான்கு இலக்கங்களில் இரண்டு மறைந்துபோயின.

"துடைக்கக் கூடாது," என்றார் அம்மா. "அது தானா விழவேணும்."

அது தானாக விழுகிற இனம் அல்ல. வெயிலில் காய்ந்து சீமெந்து ஆகிவிட்டது. ஒருநாள் நல்ல மழை பெய்தது. சந்தனம் குளித்துவிட்டு வந்தமாதிரி இன்னும் பளிச்சென்று இருந்தது.

பத்தாம் நாள் காலி வீதியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"மல்லி, இந்த வண்டியின்ட நம்பர் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் முழுவதையும் ஒப்புவித்தேன்.

"நீ சொல்லத் தேவையில்லை மல்லி. தகடு சொல்லவேணும்."

நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "துடைச்சிட்டுப் போ."

மூளை உள்ள எவனும் அந்த இடத்தில் துடைத்திருப்பான். ஆனால் நான் அந்த வாரம்தான் நாட்டின் அரசியலமைப்பைத் தொலைபேசியில் இறக்கி வாசிக்கத் தொடங்கியிருந்தேன். மதச் சுதந்திரம் பற்றிய பகுதி வரைக்கும் வந்திருந்தேன். அதை அவருக்கு விளக்கினேன். தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை. என் சிங்களம் கடையில் பாணும் பருப்பும் வாங்கத் தாராளமாகப் போதும். அரசியலமைப்புக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சத்தைக் கையால் சொன்னேன். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப துடைக்கமாட்டாய்?"

"அம்மா துடைக்கவேண்டாம் எண்டவ," என்று உண்மைக் காரணம் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"சரி. இதை அப்படியே கோட்ஸில சொல்லு." கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். என் லைசனை எடுத்துக்கொண்டு, நீதிமன்றத் திகதி எழுதிய தாள் ஒன்றைத் தந்தார். அந்தத் திகதி வரைக்கும் அந்தத் தாள்தான் லைசன்.

திகதி ஒரு வெள்ளிக்கிழமை. இது நடந்து இரண்டு நாள் கழித்து என் முதல் வேலைக்கான கடிதம் வந்தது. கொழும்பு முழுக்கச் சுற்றிக் கடை கடையாகத் தகவல் திரட்டும் வேலை. அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் சாரதி அனுமதிப்பத்திரத்தின் மூலத்தோடு சமூகமளிக்க வேண்டும், தற்காலிகத் தாள்கள் ஏற்கப்படமாட்டா, தவறினால் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "கோட்ஸில குற்றவாளி எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. தண்டத்தைக் கட்டு. அண்டைக்கே லைசனை வேண்டிக்கொண்டு வா. அவ்வளவுதான்."

"குற்றமில்லை, சுற்றவாளி எண்டு சொன்னா?"

"விசாரணைக்குத் தவணை போடுவினம். பிறகு தவணைக்கு மேல தவணை. நீ வேலைக்கில்லை, நேரா பென்சனுக்குத்தான் போவாய்."

எனக்கு மூன்றாவது வழி ஒன்று தெரிந்தது. சிங்களத்தில் மூன்று பக்க உரை எழுதினேன். கூடப் படித்த சிங்கள நண்பன் ஒருவன் சிரித்துச் சிரித்துத் திருத்தித் தந்தான். கோப்பு ஒன்று வாங்கினேன். முதலாம் இணைப்பு, பூசைப் புகைப்படம். இரண்டாம் இணைப்பு, பளபளக்கும் தகட்டின் புகைப்படம். வியாழன் பின்னேரம் அம்மா கடைக்குப் போன நேரத்தில் பழைய பற்தூரிகையால் அரை மணித்தியாலம் தேய்த்து எடுத்த பளபளப்பு அது. மதத்தையும் மதித்தேன், சட்டத்தையும் மதித்தேன், வேண்டுமானால் இறங்கிவந்து பாருங்கள் என்று உரை முடியும். நீதவான் நெகிழ்ந்து, லைசனைக் கையில் தந்து அனுப்புவார். அந்த நெகிழ்ச்சிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

வெள்ளி காலை நான் குளித்து உடுத்து வெளியே வந்தபோது, அம்மா திருநீற்றோடு வாசலில் நின்றார். ஸ்கூட்டி வழமைக்கு மாறாக மற்றப்பக்கம் திரும்பி நின்றது. அப்பாவின் சட்டை வியர்வையில் முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டையும் பார்த்தேன், இரண்டையும் கேட்கவில்லை. ஸ்கூட்டியில் ஏறிக் கிளம்பும்போதும் மனதுக்குள் இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

நீதிமன்ற வாங்கில் எனக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனையில் திரீவீல் ஓடுகிற அண்ணன் ஒருவர் கால் நீட்டி இருந்தார். சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனதற்கு வந்திருந்தார். கவனித்துத்தான் போனதாக எனக்கு மட்டும் சொன்னார்.

"உங்களுக்கு என்னா கேஸு தம்பி?"

"சந்தனம் அண்ணே."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடத்தலா?"

"இல்லை, பூசினது. நம்பர் பிளேட்டில."

"அட, இவ்வளவுதானா." ஏமாற்றத்தோடு திரும்பச் சாய்ந்துவிட்டார்.

நேரம் இருந்ததால் உரையை அவருக்கு மெதுவாக வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் அவர் தலை என் தோளில் விழுந்தது. மூன்றாம் பக்கத்தின் உச்சக்கட்டத்தில் திடுக்கிட்டு எழுந்து, "தீர்ப்பு சொல்லிட்டாங்களா? எவ்ளோ தண்டம்?" என்றார். பிறகு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவதாக வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"தம்பி, வெளிய உங்க ஆளு ஒருத்தன் வந்திருக்கான் போல. ஸ்கூட்டிக்குப் பின்னால சந்தனத்த அப்பி வச்சிருக்கான் பாருங்க, ஒரு நம்பரும் தெரியல. குங்குமப் பொட்டு வேற, இந்தா இவ்ளோ பெருசு."

"என்ன கலர் ஸ்கூட்டி?"

"நீலம். பின்னால புதுப் பூ. ஒரு பொலிஸ்காரரு நின்னு போன்ல படம் எடுக்கிறாரு."

நனைந்த சட்டை, திரும்பி நின்ற ஸ்கூட்டி, திருநீறு எல்லாம் வரிசையாக வந்து என் நெஞ்சில் மோதின. எழுந்து வாசல் பக்கம் ஓடப்போனேன். அந்த நேரம் பார்த்து என் பெயரை வாசித்தார்கள்.

கூண்டில் ஏறினேன். நீதவான் மூக்குக்கண்ணாடி போட்ட பெண். தாளைப் பார்த்துவிட்டு, குற்றவாளியா சுற்றவாளியா என்று சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்க முன்னரே, "குற்றவாளி, ஸ்வாமீனி!" என்று கத்திவிட்டேன். அங்கே நீதவானை அப்படித்தான் அழைப்பார்கள். அவ்வளவு சத்தமாக யாரும் அழைப்பதில்லை.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கையில் என்ன கோப்பு?"

"ஒன்றுமில்லை, ஸ்வாமீனி."

"சரி. இப்போது தகட்டைத் துடைத்துவிட்டீர்களா?"

இதுதான் நான் எதிர்பார்க்காத கேள்வி. ஓம், துடைத்தேன் என்று சொல்ல இரண்டாம் இணைப்பு கைவசம் இருந்தது. ஆனால் என்னைப் பிடித்த அதே பொலிஸ்காரர், கையில் போனோடு, கதவடியில் ஆர்வமாக நின்றார்.

"நேற்றுத் துடைத்தேன், ஸ்வாமீனி. இன்று காலை அம்மா அப்பாவைக்கொண்டு தள்ளவைத்துத் திரும்பவும் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்."

"எதற்கு?"

"இந்த வழக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று பூசை வைக்க."

முதலில் மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். அவரைப் பார்த்து வாங்குகள் சிரித்தன. கொட்டாஞ்சேனை அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். நீதவான் குனிந்து நெடுநேரம் எதையோ எழுதினார். எழுதும்போது அவர் தோள் குலுங்கியது. தலை நிமிர்ந்தபோது முகம் பழையபடி கல்லாக இருந்தது. குறைந்த தண்டம். ஆனால் தகடு சுத்தமாக இருப்பதை அந்த உத்தியோகத்தர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் லைசன். அலுவலகம் பூட்ட முன்னர்.

தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே ஓடினேன். ஐயர் இந்தமுறை தாராளமாகவே செய்திருந்தார். என்னிடம் துணி இல்லை, பற்தூரிகை இல்லை. அண்ணன் தன் திரீவீலிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். நான் கோப்பைத் திறந்து, முதலாம் பக்கத்தைக் கசக்கித் தேய்த்தேன். மதச் சுதந்திரம் முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு இலக்கங்கள் வெளியே வந்தன. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது. கடைசி இலக்கத்துக்கு உச்சக்கட்டம் தேவைப்பட்டது.

பொலிஸ்காரர் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லை மல்லி, இந்தமுறை கடதாசி நீயே கொண்டுவந்திருக்கிறாய்."

வீட்டுக்கு வந்து லைசனை மேசையில் வைத்தேன். அப்பா முதுகைத் தடவினார், தன் முதுகை.

அம்மா லைசனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியே? பூசை பலிச்சிட்டுது."

"அம்மா, அந்தப் பூசையாலதான்..."

"நன்றி சொல்லவேணும்," என்றார் அம்மா. நான் சொல்லிமுடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் வாசலில் ஸ்கூட்டியைக் காணவில்லை. அப்பாவையும் காணவில்லை. மூல லைசனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் பஸ்ஸில் போனேன்.