அப்பாவுக்கு வேப்பிலை

இன்று காலை சவரம் செய்துகொண்ட என் மகன் கழுத்தைச் சொறிந்தபடி வந்தான். "எரியுதும்மா" என்றான். சிவந்த பருக்களைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

வெள்ளைக்காரத் துரை காலத்தில், சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா துணி சோப்பு போட்டுத்தான் சவரம் செய்வார். கழுத்தெல்லாம் இப்படித்தான் பொரிந்துவிடும். அம்மா வேப்பிலை அரைத்துப் பூசுவார்.

அப்போது தோட்டத்தில் அம்மை பரவியிருந்தது. அம்மை கண்டவர்களை ஆற்றோரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அந்த நேரத்தில்தான் கோயில் மரத்திலிருந்து வேப்பிலை பறித்து வந்தேன்.

"யாருக்குடி வேப்பிலை?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"அப்பாவுக்கு."

அக்கா தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். "கெளம்புய்யா, கொட்டகைக்கு."

"ஐயா, அது கத்தி பட்ட எடங்க" என்று அம்மா அழுதார்.

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்றீங்க. சட்டையக் கழட்டு."

நெஞ்சு, முதுகு, உள்ளங்கை எல்லாம் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். நான் அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"காய்ச்சல் இல்ல. ஒடம்புலயும் ஒண்ணுமில்ல. மொதல்ல கத்தியத் தீட்டுய்யா" என்று சொல்லிப் போனார்.

அம்மை ஓயும்வரை அப்பா கத்தியைத் தொடவில்லை. தாடி நெஞ்சுவரை வந்தது.

"என்னண்ணே, சாமியாராப் போயிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.