எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொன்ன ஐந்து வாரங்கள்

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் முன்மேசையில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவதுதான் வேலை. நெஞ்சுவலி உண்டா? இல்லை. நித்திரைக் குறைவு? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய்? சீச்சீ, இல்லை. ஒருவரும் உண்மை சொல்வதில்லை என்பது எனக்கும் தெரியும், மனேஜருக்கும் தெரியும். “உங்கட விவரம் ஒண்டும் வெளியில போகாது” என்று சிரித்தபடி சொல்லி அனுப்புவேன். அவர்கள் படியிறங்கும் முன்பே கோப்பு மனேஜரின் மேசைக்குப் போய்விடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் அடித்த கூத்துக்கு இதுதான் காரணம்.

கணவர் காலமாகி ஒரு வருடத்தில் ஓய்வும் வந்து சேர்ந்தது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு, நான் ஒருத்தி. கனடாவில் இருக்கும் ஒரே மகன் என்னை ஸ்பொன்சர் பண்ணி அங்கே கூப்பிடுவதற்குக் கடிதங்களைத் தொடங்கிவிட்டான். அந்த நாட்களில்தான் பஸ்ஸில் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போவது என் வழக்கம்; இருபது வருடம் பக்கத்து மேசையில் இருந்த சிநேகிதி அங்கே இருக்கிறாள். ஒருநாள் பாதி வழிகூடப் போகாமல் பம்பலப்பிட்டியிலேயே இறங்கி, கடை வாசலில் குந்திவிட்டேன். டொக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, இதயத்தில் ஒரு குறையும் இல்லை, யோசனை கூடிப்போச்சு என்றார். மகனிடம் சொன்னதுதான் தாமதம், இரண்டாம் நாள் ஓர் ஒன்லைன் உளவள ஆலோசகரைப் பிடித்துத் தந்தான். திங்கட்கிழமை காலை பத்து மணி.

சிநேகிதி எதையும் அடித்துச் சொல்கிற ஆள். பாதி பிழையாக இருக்கும், ஆனால் சொல்கிற விதத்தில் நம்பிவிடுவோம். “கனடாக்குப் போற ஆக்களுக்கு இப்ப மண்டையையும் செக் பண்றாங்களாம். பாத்துக் கதை” என்றாள். கடிதங்களைப் போட்டவன் மகன், ஆலோசகரைப் பிடித்தவனும் மகன். எனக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. இது பரீட்சைதான்.

திரையில் வந்தது மட்டக்களப்பில் இருக்கும் ஒரு பிள்ளை, முப்பது வயது இருக்கும். நாங்கள் கதைப்பது எங்கள் இருவருக்குள் மட்டும், மகனுக்கும் போகாது என்று முதலிலேயே சொன்னாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் சொல்கிறாள் அதை? நித்திரை எப்படி? அருமை. சாப்பாடு? வேளாவேளைக்கு. கனடா போவதைப் பற்றி? பெரிய சந்தோசம். கவலை, பயம் ஏதும்? இல்லை, இல்லை.

ஐந்து வாரம் இப்படியே ஓடியது. திங்கட்கிழமை என்றால் சேலையை ஸ்திரி போட்டுக் கட்டுவேன். கமராவுக்குத் தெரியும் சுவரை மட்டும் துடைத்து, மற்றச் சாமானெல்லாவற்றையும் லப்டொப்புக்குப் பின்னால் ஒதுக்குவேன். வந்தவளுக்கு ஒன்றும் வைக்காமல் கதைக்க என்னால் முடியாது என்பதால் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி, முடிந்ததும் இரண்டையும் நானே ஆறக் குடிப்பேன். படபடப்பு மட்டும் குறையவில்லை. முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் வந்தது, இப்போது திங்களும் வரத் தொடங்கியது. அந்தப் பிள்ளையின் பொறுமையைப் பார்க்க எனக்கே கோபமாக இருந்தது.

ஆறாம் வாரம் லப்டொப் உயிர் பிடிக்கவில்லை. போனை எடுத்துத் தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது வழுக்கிச் சுழன்று, மேசையின் மற்றப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு விழுந்தது. கணவரின் கதிரையில் மலைபோல் உடுப்பு. அதன் கீழே வாயைத் திறந்தபடி இரண்டு பெரிய பிரயாணப் பெட்டிகள். நான் போனை நிமிர்த்துவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

“அன்ரி, அந்தப் பெட்டி ரெண்டும் என்ன?”

மகன் போன முறை வந்தபோது வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடுக்குங்கோ என்று திறந்து வைத்துவிட்டுப் போனவை என்றேன். எப்போது என்று கேட்டாள். எட்டு மாதம் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். படிவத்துக்கு ஏற்ற பதில் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒன்றும் இல்லை, மழைக்குக் காயாத உடுப்பைப் போட்டு வைப்பேன் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“இத மகனுக்கு எழுதப் போறீங்களா, பிள்ளை?”

அவளுக்கு விளங்கவில்லை. மண்டை செக் பண்ணுகிற கதையை முழுக்கச் சொன்னேன். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அன்ரி, கனடாக்கு ஆள் எடுக்கிறதும் நானில்ல, நிப்பாட்டுறதும் நானில்ல. உங்களுக்குப் போக விருப்பமா?”

எத்தனையோ பேர் எப்போது பயணம் என்று கேட்டிருந்தார்கள். விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. “இல்லை” என்றேன். முப்பத்தொரு வருடமாக எத்தனை ‘இல்லை’ எழுதியிருப்பேன், இது ஒன்றுதான் உண்மை. அன்று அழைப்பு முடிந்ததும் நிலத்திலேயே பாயைப் போட்டு, பகல் இரண்டு மணி வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

பிறகுதான் வேலையே தொடங்கியது. போ என்றோ நில் என்றோ அவள் சொல்லவில்லை. மகனிடம் இதைச் சொல்ல எதற்குப் பயம் என்று கேட்டாள். பிள்ளைக்கு நோகும் என்றேன். அப்படியானால் ‘வரவில்லை’ என்ற வசனத்தை முதலில் ஒரு வெறும் கதிரைக்குச் சொல்லிப் பாருங்கள் என்றாள். எனக்குப் பைத்தியக்கார வேலையாகத்தான் பட்டது. ஆனாலும் உடுப்பு மலையை எடுத்து மடித்து, கணவரின் கதிரையைக் காலியாக்கி, அதற்கு நான்கு வாரம் சொன்னேன். பஸ்ஸில் மூச்சை எப்படி விடுவது என்றும் பழகினேன். கொட்டாஞ்சேனை வரைக்கும் இறங்காமல் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை, அந்த மண்டை செக் கதைக்காகச் சிநேகிதியை அவளது வாசலில் வைத்தே ஏசித் தீர்த்தேன். அவள் ஒரு சொட்டும் வெட்கப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், மகனுக்கு அங்கே விடிந்திருந்த நேரம், போன் எடுத்தேன்.

“தம்பி, நான் அங்க இருக்க வரேல்ல. எனக்கு இங்கதான் இருக்க விருப்பம்.”

 அவன் வரிசையாகக் கேட்டான்: விழுந்தால் யார் தூக்குவது, வீட்டுக் கதவின் மற்றத் திறப்பு யாரிடம் இருக்கிறது, காய்ச்சல் வருத்தம் வந்தால் என்ன செய்வீர்கள். கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதிலைச் சொன்னேன்.  நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன், படபடப்பு இல்லை.

“அப்ப அந்தக் கட்டில என்னம்மா செய்யிறது?”

எந்தக் கட்டில் என்று கேட்டேன். எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டிலும் வாங்கிப் போட்டிருக்கிறான். ஒன்பது மாதமாக அதில் ஒருவரையும் படுக்க விடவில்லையாம். முழங்கால் நோகாமல் எழும்ப, உயரமானதாகத் தேடி எடுத்ததாம்.

 விற்றுப்போடாதே, கோடைக்கு வந்து இரண்டு மாதம் அதில் படுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்றேன். “வருவீங்களா?” என்று சின்ன வயதில் கேட்கிறமாதிரியே கேட்டான். ஓம் என்றேன்.

போனை வைத்துவிட்டு ஒரு பெட்டியை மூடி, அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். எப்போதோ நுவரெலியாக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரைத் தேடி எடுத்து, மடித்து, மற்றப் பெட்டியில் வைத்தேன்.